கானாடுகாத்தான் வீட்டு நிலையில பச்சைத் துணி: கீ ஏன் நிக்க மாட்டேங்குது?

19 ஜூலை 2024, மாலை. தேவகோட்டைத் தம்பி கேட்டது:

"அக்கா, கண்டாங்கிச் சேலைக் கடைக்கு ஒரு நிமிஷ விளம்பரம். கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டு முகப்புல எடுத்தோம். ஆச்சி வேஷம் போட்ட பொண்ணு நிலைக்கதவுல சாஞ்சு நிக்குது. கதவுக்கு வெளிய ரங்கூன் துறைமுகமும் கப்பலும் தெரியணும்னு டைரக்டருக்கு ஆசை. வாசல்ல பச்சைத் துணி கட்டினோம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல பச்சையை நீக்குற கீலைட் கருவியைப் போட்டா துணி போகுது, கூடவே சேலைக் கரையும் போகுது. தரையெல்லாம் பச்சை, சுவரெல்லாம் பச்சை, முடி ஓரம் துடிக்குது. நியூக் மென்பொருள் வாங்கினா சரியாயிடுமா? இல்ல, துணியே மட்டமா?"

19 ஜூலை, இரவு

நியூக் வேணாம். துணியும் மட்டமில்ல. தரையைப் பாருங்க தம்பி.

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேலதான் வார்க்கிறாங்க. கண்ணாடியோட வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துடும். அதுக்கு மேல தலைமுறை தலைமுறையா துடைச்ச மினுமினுப்பு வேற. சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைச்ச பூச்சு. ரெண்டும் வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற சாமான். வாசல் அகலத்துக்குக் கட்டின துணியில பகல் வெளிச்சம் விழுந்தா அந்த முகப்பே பச்சை விளக்கு போட்ட அறைதான். கீன்னா ஒரு நிறத்தை வச்சுப் படத்தை வெட்டறது, அதைச் செய்யற கருவி கீயர். கீயருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பச்சையைக் கண்டா ஓட்டை போடுறது.

உங்க கேள்விக்குள்ள மூணு சிக்கல் ஒண்ணா முடிஞ்சு கிடக்கு. தரையில தெரியறது துணியோட பிம்பம். சுவர்லயும் கன்னத்துலயும் இருக்கிறது படிஞ்ச வெளிச்சம், அதாவது ஸ்பில். சேலைக் கரை நெசவுலயே பச்சை, அது கசிவே இல்ல. ஒரே கீலைட்ல மூணையும் தீர்க்கப் பார்த்தா ஒண்ணைக் காப்பாத்தும்போது இன்னொண்ணு சாகும்.

கேமராவுல இருந்து வந்த ஃபைல்ல ரெண்டு செகண்ட் வெட்டி அனுப்புங்க. வாட்ஸ்ஆப்ல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்புங்க, வீடியோவா அனுப்பினா அது திரும்ப ஒரு தடவை நசுக்கும்.

20 ஜூலை

கிளிப் வந்துச்சு. 3840க்கு 2160, 8 பிட் (ஒரு சேனலுக்கு 256 படி), 4:2:0. முடி ஓரம் துடிக்கிறதுக்கு இதுதான் பாதிக் காரணம்.

4:2:0ன்னா வெளிச்சம் மட்டும்தான் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனியா பதிவாகும். நிறம் 1920க்கு 1080 அளவுலதான் இருக்கும். நாலு பேருக்கு ஒரே இலை போட்ட பந்தி மாதிரி நாலு பிக்ஸல் ஒரு நிறத்தைப் பங்கு போட்டுக்குது. நீங்க வெட்டறது நிறத்தை வச்சு, முடியோ ஒரு பிக்ஸல் தடிமன். எப்படி விளங்கும்?

விளம்பரம் கடைசியா எச்டியிலதானே போகுது? அப்ப முதல் வேலையா ஃபுட்டேஜை 1920க்கு 1080 ஆக்கிடுங்க, அதுக்கப்புறம் கீ பண்ணுங்க. இப்ப ஒரு பிக்ஸலுக்கு ஒரு நிறம் கிடைச்சிருச்சு. 4கேல கீ பண்ணிட்டுக் கடைசியில சின்னதாக்குறவங்க நிறைய பேர். இல்லாத நிறத்தோட மல்லுக்கட்டிட்டு அப்புறமா சின்னதாக்கி என்ன புண்ணியம்?

அடுத்தது, மேட்டைத் துண்டு போடுங்க. மேட்னா எது நிக்கணும், எது போகணும்னு சொல்ற கறுப்பு வெள்ளைப் படம். பொண்ணோட உடம்புக்கு உள்ளே, ஓரத்தைத் தொடாம, ஒரு கெட்டியான மேட். இதுக்கு ரோட்டோ (கையால ஓரம் வரைஞ்சு வெட்டறது) போதும், முரட்டுத்தனமா இருந்தாலும் பரவாயில்ல. சேலைக் கரை இதுக்குள்ள வந்துடும், அங்க கீயருக்கு வேலையே இல்ல. வாசல் சட்டத்துக்கு இந்தப் பக்கம் சுத்தி இருக்கிறது எல்லாம் கார்பேஜ் மேட்டுல, அதாவது கீயர் தொடக் கூடாததை ஒதுக்கி வைக்கிற மேட்டுல போகட்டும். தரையும் சுவரும் கீக்குள்ள வரவே கூடாது. மிச்சம் இருக்கிறது பொண்ணைச் சுத்தி ரெண்டு விரக்கடை அகலத்துக்கு ஒரு பட்டை. கீயர் வேலை செய்ய வேண்டிய இடம் அந்தப் பட்டை மட்டும்தான். அங்கயும் முடிக்கு ஒரு கீ, தோளுக்கும் சேலைக்கும் ஒரு கீ.

கீலைட்ல வியூவை ஸ்கிரீன் மேட்ல வச்சு வேலை பாருங்க. கிளிப் ஒயிட்டை (எதுக்கு மேல முழு வெள்ளைன்னு சொல்ற எண்) கீழ இழுத்து உடம்புக்குள்ள இருக்கிற ஓட்டையை அடைக்கிற பழக்கத்தை விடணும். ஓட்டையை உள்மேட் அடைச்சுரும். கிளிப் ஒயிட்டைத் தொட்டா முடி கம்பியா மாறிடும்.

20 ஜூலை, கொஞ்ச நேரம் கழிச்சு

முடிக் கீயை ஃபுட்டேஜோட நாய்ஸைக் (புள்ளி புள்ளியா ஆடுற இரைச்சல்) குறைச்ச காப்பியில எடுங்க. மேட் மட்டும் அதுல இருந்து வரணும், படம் அசல்ல இருந்து வரணும். நாய்ஸ் எடுத்த படத்தையே கம்ப்ல, அதாவது எல்லாத்தையும் சேர்த்து ஒட்டுற படத்துல வச்சா முகம் மெழுகு பொம்மை.

21 ஜூலை

கோட்டையூர் நண்பர் கேக்கிறார், "4கேயை எச்டி ஆக்கினா 8 பிட் 10 பிட்டா மாறிடும்னு சொல்றாங்களே?"

வெளிச்சத்துக்கு ஓரளவு உண்மை. நாலு பிக்ஸலைச் சராசரி போடும்போது நடுவுல புதுப் படிகள் கிடைக்கும். புராஜெக்ட் 16 பிட்லயோ 32 பிட்லயோ இருந்தாதான் அதுவும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 8 பிட்லயே கிடந்தா கிடைச்சதைத் திரும்ப வட்டமாக்கிடும். நிறம் முதல்லயே 8 பிட், அது அப்படியேதான் இருக்கும். வானத்துல பட்டை பட்டையா விழறது இதனால போகாது.

21 ஜூலை, இரவு

டீஸ்பில், அதாவது படிஞ்ச பச்சையை எடுக்கிறது. இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு கண்ணி இருக்கு.

பெரும்பாலான ஸ்பில் கருவிக்கு உள்ள இருக்கிற கணக்கு ரொம்பச் சின்னது. பச்சை ஒரு எல்லையைத் தாண்டினா அந்த எல்லைக்கு வெட்டு. எல்லை எதுங்கிறதுலதான் வித்தியாசம். சிவப்பும் நீலமும் சேர்ந்த சராசரியை எல்லையா வைக்கிறது ஒரு வழி. ரெண்டுல எது பெருசோ அதை வைக்கிறது இன்னொண்ணு.

கண்டாங்கியோட கடுகு மஞ்சளை எடுத்துக்கங்க. சிவப்பு 0.60, பச்சை 0.45, நீலம் 0.10ன்னு வைங்க. சராசரி 0.35. பச்சை 0.45ல இருந்து 0.35க்கு இறங்கிடும். மஞ்சள் செங்கல் நிறமாயிடுச்சு! கடைக்காரர் விடுவாரா? 2019ல புவிசார் குறியீடு வாங்கின சேலை, அதோட நிறத்தையே மாத்திட்டு விளம்பரம் போட முடியுமா? தங்கக் காசுமாலைக்கும், மஞ்சள் பூசின கழுத்துக்கும் இதே கதிதான். தாலிச்சரடு செம்புக் கம்பியாகும்.

"எது பெருசோ அது" கணக்குல எல்லை 0.60. பச்சை அதுக்குக் கீழதான் இருக்கு, தொடவே தொடாது. ஆனா இதே கணக்கு முகத்துல கொஞ்சம் பச்சையை விட்டு வைக்கும், ஏன்னா தோல்ல சிவப்பு எப்பவும் கூட. அதனால முகத்துக்கும் முடிக்கும் சராசரி, சேலைக்கும் நகைக்கும் பெருசு. ரெண்டுக்கும் நடுவுல மென்மையா ஒரு மாஸ்க். ஃபியூஷன் மென்பொருள்லயோ நியூக்லயோ இதை எக்ஸ்பிரஷனா நீங்களே எழுதிக்கலாம், ஒரு வரிதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல அட்வான்ஸ்ட் ஸ்பில் சப்ரஸரை லேயரை ரெண்டாக்கிப் போடணும்.

22 ஜூலை

பள்ளத்தூர் அண்ணன் எழுதியிருக்கார்: "இதுக்குத்தான் நான் எப்பவும் நீலத் துணி. பச்சையைத் தொடவே மாட்டேன்."

அண்ணே, நம்ம கல்யாண வீட்டுல வாழை மரம், மாவிலைத் தோரணம், கதம்பத்துல மரிக்கொழுந்துன்னு பச்சை எங்க பார்த்தாலும் இருக்கு, அதனால உங்க பேச்சுல நியாயம் உண்டு. மஞ்சள் சேலைக்கும் நீலம் நல்லது. ஆனா கேமரா சென்சார்ல பாதிப் புள்ளி பச்சைக்கு, கால் சிவப்புக்கு, கால்தான் நீலத்துக்கு. 1976ல கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் காப்புரிமை வாங்கின அமைப்பு, இன்னிக்கும் பெரும்பாலான கேமராவுல அதேதான். நீலச் சேனல்ல நாய்ஸ் கூட. நீலத் துணிக்கு வெளிச்சமும் கூடப் போடணும். முகப்புக்குள்ள ரெண்டு எல்இடி பேனலை வச்சுக்கிட்டு அது நடக்காது. மயில் கழுத்து நிறப் பட்டு கட்டி யாராச்சும் வந்தா அங்கயும் முடிஞ்சது கதை.

முதல்ல சேலையைக் கேளுங்க, அப்புறம் துணியை எடுங்க. அவ்வளவுதான் சட்டம்.

22 ஜூலை, மதியம்

"கானாடுகாத்தான்ல கடல் எங்க இருக்கு, வாசல்ல கப்பல் எப்படி வரும்?" ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். தொண்டித் துறைமுகமே இங்கிருந்து எவ்வளவு தூரம்! ஆனா அந்த வீட்டுத் தேக்குத் தூண் பர்மாவுல இருந்து கப்பல்லதானே வந்துச்சு? டைரக்டர் அதைத் திருப்பிக் காட்டுறார்னு வச்சுக்கங்க. நமக்குக் கூலி கம்ப்புக்கு, கதைக்கு இல்ல.

23 ஜூலை

இன்னிக்குச் சொல்லப் போறதுதான் இதுல எனக்கு முக்கியம். தரைப் பச்சையை அழிக்காதீங்க.

ராத்திரி உங்க கிளிப்பை வச்சு விளையாடிக்கிட்டிருந்தேன். நிஜமாவே வாசலுக்கு வெளிய துறைமுகம் இருந்திருந்தா என்ன ஆகும்? அந்த வானமும் தண்ணியும் தரையில மினுங்கும். கதவோட உள்பக்கம் ஒரு வெளிச்சக் கீத்து விழும். பொண்ணோட கன்ன ஓரத்துல வானம் படியும். இப்ப அந்த இடத்துல எல்லாம் என்ன இருக்கு? பச்சை. வெளிய இருந்து வர்ற வெளிச்சம் எங்கெங்க, எவ்வளவு விழணும்னு துணி உங்களுக்கு வரைபடமே போட்டுக் கொடுத்திருக்கு. அதைத் துடைச்சுப் போட்டுட்டு அப்புறம் லைட் ராப்னு ஒரு போலி ஓரத்தை ஒட்டுறோம்.

செய்முறை: டீஸ்பில் பண்ணும்போது வெட்டுப்பட்ட பச்சையைத் தூக்கிப் போடாம தனியா வைங்க. அசல் பச்சையில இருந்து வெட்டின பச்சையைக் கழிச்சா அதுதான். வெறும் துணி தெரியற இடத்துல அது 0.50ன்னு வச்சுக்கங்க. எல்லாத்தையும் 0.50ஆல வகுங்க. துணி 1 ஆகும், தரை மினுமினுப்பு 0.1, கன்ன ஓரம் 0.05ன்னு ஏதோ வரும். இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தால துறைமுகப் படத்தைப் பெருக்கி, டீஸ்பில் பண்ணின முன்னணி (பொண்ணும் முகப்பும் இருக்கிற படம்) மேல கூட்டுங்க. மேல மூடி வைக்கிற ஓவர் இல்ல, கூட்டுற பிளஸ். வெளிச்சம் வெளிச்சத்தோட கூடும், மறைக்காது.

தரைக்குப் போற துறைமுகத்தைத் தலைகீழாத் திருப்பி, வாசற்படிக் கோட்டுல பொருத்தணும். சுவருக்கும் முகத்துக்கும் அப்படி இல்ல. அங்க பிம்பம் விழாது, மொத்த வெளிச்சம்தான் விழும். அதனால துறைமுகத்தை அடையாளம் தெரியாத அளவுக்கு பிளர் பண்ணி அதைக் கொடுங்க.

போட்டுப் பார்த்ததும் அந்தப் பொண்ணு அந்த வாசல்ல நிக்க ஆரம்பிச்சிருச்சு. அதுவரைக்கும் ஒட்டி வச்ச மாதிரி இருந்தது.

23 ஜூலை, இரவு

நாலஞ்சு பேர் உடனே போட்டுப் பார்த்திருக்கீங்க, சந்தோஷம். "எங்களுக்குத் தரையில பூவெல்லாம் துறைமுகமா மாறுது"ன்னு ஒரு புகார். சரிதான், ஆத்தங்குடிக் கல்லுல பூவும் கொடியும் பச்சையிலயும் உண்டே. அது கல்லோட சொந்தப் பச்சை. கணக்குக்கு அது தெரியாது.

ரெண்டு வழி. ஷூட்டிங்லயே துணியை அவுத்துட்டு அதே ஃபிரேமை ஒரு தடவை எடுத்து வச்சிருந்தா, அதுலயும் இதே கணக்கைப் போட்டுக் கழிச்சுடலாம். இல்லேன்னா தரை ஒரே சமதளம், சமதளத்தோட அசைவைப் பின்தொடர்ற பிளேனார் டிராக்கருக்கு அதைவிட லட்டு வேற இல்ல. கட்டம் போட்ட கல்லு, ஒட்டிக்கும். ஒரு ஃபிரேம்ல பச்சைப் பூவுக்கெல்லாம் மாஸ்க் வரைஞ்சு டிராக்ல மாட்டி விடுங்க.

இன்னொண்ணு: பகல் துறைமுகம்னாதான் இது பொருந்தும். டைரக்டர் கடைசி நேரத்துல "சாயங்காலமா மாத்திடலாம்"னு சொன்னா, பொண்ணு மேல விழுந்திருக்கிற பகல் வெளிச்சத்தை எவனாலயும் கழட்ட முடியாது.

24 ஜூலை

போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற லென்ஸ் ஃபில்டர்) போட்டு எடுத்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்லையேன்னு கேட்டவருக்கு: பாதி சரி. கேமரா பார்வை தரையோட சுமார் 34 டிகிரி சாய்வுல இருக்கும்போது போலரைசர் பளபளப்பை நல்லா அறுக்கும். நீங்க எடுத்தது தரையோட தரையா, ரொம்பத் தாழ்வா. அந்தக் கோணத்துல மினுமினுப்பும் உச்சம், போலரைசருக்குப் பலமும் குறைவு. ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல வெளிச்சமும் போயிடும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது). நேத்துச் சொன்ன முறையில வேலை பார்க்கிறதா இருந்தா பளபளப்பு நமக்கு வேணும், அறுத்துடாதீங்க.

24 ஜூலை, மாலை

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பச்சைத் துணி சும்மா இருக்குமா? கிளிப்போட பின்பாதியில துணி உப்பி உப்பி அடங்குது, மடிப்பு நிழல் ஓடுது. ஒரே பச்சையைத் தேர்ந்தெடுக்கிற கீயர் இதுல திணறும். ஃபியூஷன்ல கிளீன் பிளேட்னு ஒரு நோட் (ஒரு வேலையைச் செய்யற கட்டம்) இருக்கு. அது முன்னணியை நீக்கிட்டுத் துணியை மட்டும் ஓரத்துல இருந்து நிரப்பித் தரும். அதை ஃபியூஷனோட கீயரான டெல்டா கீயரோட கிளீன் பிளேட் இன்புட்ல கொடுத்தா ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்த இடத்துப் பச்சையோட ஒப்பிடும். நியூக்ல இருக்கிற ஐபிகே கீயரும் இதே யோசனைதான்.

டெல்டா கீயர் டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் மென்பொருளோட இலவசப் பதிப்புலயே இருக்கு. 2014ல பிளாக்மேஜிக் ஃபியூஷனை வாங்கி, 2018ல ரிசால்வ் 15க்குள்ள கொண்டு வந்து வச்சுட்டாங்க. முதல் நாள் கேட்டீங்களே, எதை வாங்கணும்னு? எதையும் வாங்க வேணாம். நியூக்கோட இலவசப் பதிப்பை விளம்பர வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, அது கத்துக்கிறதுக்கு மட்டும்.

26 ஜூலை

ஓரத்துல கறுப்புக் கோடுன்னு புதுப் புகார். படம் பார்த்தேன். இது கீ தப்பு இல்ல, பெருக்கல் தப்பு.

வெட்டின படத்தை அதோட மேட்டால பெருக்கி வச்சா பிரீமல்ட். பெருக்காம வச்சா ஸ்ட்ரெயிட். 1984ல போர்ட்டரும் டஃபும் எழுதின கட்டுரையில இருந்து எல்லா மென்பொருளும் ஓவருக்கு ஒரே கணக்குதான் போடுது: முன்னணியோட, பின்னணியில மேட் விட்டுவச்ச மிச்சத்தைக் கூட்டுறது. முன்னணி ஏற்கனவே பெருக்கியிருக்குன்னு அந்தக் கணக்கு நம்பும். நீங்க கீயரிலேயும் பெருக்கி, அடுத்த நோட்லயும் பெருக்கினா அரைகுறையா தெரியற ஓரம் ரெண்டு தடவை இருட்டாகும். அதுதான் கறுப்புக் கோடு. பெருக்கவே இல்லேன்னா ஓரத்துல பழைய பச்சை எரியும்.

கலர் கரெக்ஷன் பண்றதா இருந்தா முதல்ல வகுத்து, நிறத்தை மாத்தி, திரும்பப் பெருக்கணும். ஃபியூஷன் கலர் நோட்ல எல்லாம் இதுக்கு ஒரு டிக் இருக்கும், பிரீ டிவைட் போஸ்ட் மல்டிப்ளை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இருந்து வெளிய எழுதி ரிசால்வ்ல எடுக்கும்போது ஸ்ட்ரெயிட்டா பிரீமல்ட்டான்னு கேட்டு வாங்குங்க. கேக்காம வாங்கி வச்சுட்டு எட்ஜைச் சுரண்டுற ஆட்களை நிறையப் பார்த்துட்டேன்.

27 ஜூலை

பெருக்கல் பத்திப் பேசினதால இதையும். கூட்டல் கழித்தல் எல்லாம் லீனியர்ல, அதாவது நிஜ வெளிச்ச அளவுல நடக்கணும். திரையில நடுச்சாம்பலா தெரியற 0.5 நிஜ வெளிச்சத்துல 0.21தான். 23ந் தேதி சொன்ன கூட்டல் வேலையை வீடியோ காமாவுல (திரைக்காக வளைச்ச அளவு) செஞ்சீங்கன்னா தரை மினுமினுப்பு பாலை ஊத்தின மாதிரி வெளிறிப் போகும். லீனியர்ல செஞ்சா கறுப்புக் கல்லு கறுப்பாவே நின்னு, பிம்பம் மட்டும் மேல ஏறும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல புராஜெக்ட் செட்டிங்ஸ்ல 32 பிட்டும் லீனியரைஸும் போடுங்க.

கீயை மட்டும் லீனியர்ல எடுக்காதீங்க, கீலைட் வீடியோ காமாவுலயே எனக்கு நல்லா நிக்குது. இது என் அனுபவம். நியூக் ஆட்கள் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

29 ஜூலை

பேச்சு தெருவுக்குப் போயிடுச்சு. கொத்தமங்கலம் பக்கம் பழைய காலத்துத் தெருவா ஒரு ஷாட் எடுத்தவர், கேபிள் ஒயர், ஏசி வெளிப்பெட்டி, டிஷ், ஃபிளெக்ஸ் எல்லாத்தையும் எடுக்கணுமாம். ஒயரை டிராக் பண்ணினேன், ஒட்டவே இல்லைங்கிறார்.

ஒயரை ஏன் டிராக் பண்றீங்க? ஒயர் போகப் போற சாமான். அதுக்குப் பின்னால தெரியப் போற சுவரை டிராக் பண்ணுங்க. ஒயர் முன்னால தனியாத் தொங்குது, சுவர் பின்னால. கேமரா நகரும்போது ரெண்டும் வேற வேற வேகத்துல நகரும். ஒட்டு போடுறது சுவருக்கு, அப்ப ஒட்டு சுவரோட போகணும். முன்பக்கச் சுவர், திண்ணைத் தூண் வரிசை, மேல்மாடிக் கைப்பிடி மூணும் மூணு சமதளம், ஒவ்வொண்ணுக்கும் தனி டிராக். ஒரே டிராக்ல மொத்த வீட்டையும் பிடிக்கலாம்னு பார்த்தா தூண் வழுக்கும்.

ஒரு ஃபிரேமை நிறுத்தி வச்சு, சுத்தமா பெயிண்ட் பண்ணி, ஒயர் இருந்த இடத்தை மட்டும் வெட்டி, அந்தத் துண்டை டிராக்ல மாட்டணும். முழு ஃபிரேமை ஸ்டெபிலைஸ் பண்ணித் திரும்ப ஆட்டினா படம் ரெண்டு தடவை ஃபில்டர் ஆகி மங்கிடும். துண்டு மட்டும் திரும்பப் போனா மத்த இடம் அசலாவே இருக்கும்.

அப்புறம் கிரெய்ன், படம் முழுக்க ஆடுற துகள். நிறுத்தி வச்ச ஃபிரேம்ல கிரெய்னும் உறைஞ்சு நிக்கும். சுத்தி எல்லாம் கொதிக்கும்போது அந்த ஒரு இடம் மட்டும் செத்துக் கிடக்கும். யாருக்கும் என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா கண்ணு அங்கதான் போகும். துண்டுல கிரெய்னை எடுத்துட்டு, புதுக் கிரெய்ன் போடணும். சேனல் சேனலா போடுங்க, நீலத்துல கூட, பச்சையில கம்மி.

29 ஜூலை, இரவு

ஓட்டு வரிசைக்கு மேல வானத்தை மாத்தறதுக்குக் கீயர் வேண்டாம். நீலச் சேனல்ல இருந்து சிவப்பைக் கழிச்சாலே வானம் பிரிஞ்சு வரும். மேகம் இருந்தா அது நடக்காது, வெறும் வெளிச்ச அளவுல எடுக்கணும். புது வானம் பழைய வானத்தோட பிரகாசத்துக்குப் பக்கத்துலயாவது இருக்கட்டும். பழைய வெள்ளை வானம் ஓட்டோட ஓரத்தைத் தின்னுருக்கும், அதுக்குப் பின்னால கருஞ்சிவப்பு அந்தி வானத்தை வச்சா ஒவ்வொரு ஓடும் வெள்ளைச் சரிகை போட்டுக்கிட்டு நிக்கும். இங்க நிறைய கல்யாண ஆல்பத்துல பார்க்கிறது இதுதான்.

30 ஜூலை

பெல்ஜியம் கண்ணாடியில கேமராமேன் தெரியறார்னு கேட்டவருக்கு, சுருக்கமா: கண்ணாடிச் சட்டத்தை டிராக் பண்ணி உள்ள படம் ஒட்டினா அது போஸ்டர் மாதிரி இருக்கும். பிம்பம் சட்டத்துல இல்ல, கண்ணாடிக்குப் பின்னால அதே தூரத்துல இருக்கு. கேமரா டிராலில நகர்ந்திருந்தா பிம்பத்துக்குத் தனி டிராக் வேணும், சட்டம் வெறும் மாஸ்க். டிரைபாட்ல நின்ன ஷாட்னா ஒரு நாற்காலியோ திரையோ பெயிண்ட் பண்ணி மூடிட்டுப் போங்க.

1 ஆகஸ்ட்

பள்ளத்தூர் அண்ணன், "மேஜிக் மாஸ்க் வந்தப்புறம் துணியே எதுக்கு?" ங்கிறார். ஆளைத் தானா வெட்டித் தர்ற அந்தக் கருவி ரிசால்வோட காசு கொடுக்கிற பதிப்புலதான் வரும்ங்கிறதை விடுங்க. உள்மேட்டுக்கு அருமை, நான் தினம் பயன்படுத்துறேன். ரோட்டோ போட்டே பிழைச்ச ஆளு நான், அந்த வேலை போனதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஓரத்துக்கு அதை நம்ப மாட்டேன். ஜிமிக்கி ஆடும்போது ஒரு ஃபிரேம்ல காதோட இருக்கும், அடுத்த ஃபிரேம்ல பின்னணியோட போயிடும். அது யூகம் பண்ற மேட். கீ நிஜமா பதிவானதுல இருந்து வர்றது. முக்கியமா, துணி இல்லேன்னா தரையில அந்த வெளிச்ச வரைபடமும் இல்ல.

பேச்சோட பேச்சா: நிறத்துல இருந்து நிறத்தைக் கழிச்சு மேட் எடுக்கிற கலர் டிஃபரன்ஸ் முறையை உருவாக்கின பெட்ரோ விளாஹோஸ் 2013ல காலமானார். இன்னிக்கும் நிறைய கீயருக்கு உள்ள அவரோட கழித்தல்தான் ஓடுது. நம்ம பக்கத்துக்கும் இந்தத் தொழில்ல பங்கு உண்டு, ஏவி. மெய்யப்பன் சென்னை வடபழனிக்குப் போறதுக்கு முன்னால 1940கள்ல ஸ்டுடியோ நடத்தினது காரைக்குடியிலதான். தேவகோட்டை ரஸ்தாப் பக்கம் போகும்போது நினைச்சுக்குவேன்.

2 ஆகஸ்ட்

தம்பி கேட்டது: ஃபோன்ல எடுத்த ரெண்டு ஷாட்ல மட்டும் டிராக் போகப் போக விலகுது.

ஃபோன் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃபிரேம் ரேட்டை மாத்திக்கிட்டே எடுக்கும். ஒரு மென்பொருள் ஒரு மாதிரி எண்ணும், இன்னொண்ணு வேற மாதிரி எண்ணும். எஃப்எஃப்எம்பெக்லயோ ஹேண்ட்பிரேக்லயோ முதல்ல நிலையான 25 ஃபிரேமாக்கிடுங்க, அதுக்கப்புறம்தான் டிராக். அடுத்த ஷூட்டிங்குக்கு: நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், ஷட்டர் 50ல ஒரு பங்கு. 24தான் வேணும்னு அடம்பிடிக்கிற டைரக்டர்னா ஷட்டர் கோணத்தை 172.8ல வைங்க, டியூப்லைட் படபடக்காது.

4 ஆகஸ்ட்

ரெண்டாவது ஷாட்ல சேலைக் கட்டம் நெளியுதுன்னு அனுப்பினது மொய்ரே. கண்டாங்கிக் கட்டமும் சென்சார் கட்டமும் மோதுது. கம்ப்ல இதுக்கு நல்ல மருந்து இல்ல. நிறத்தை மட்டும் பிளர் பண்ணி, வெளிச்சத்தைத் தொடாம விட்டா வானவில் போகும், நெளிவு இருக்கும். குளோசப்பா இருந்தா இன்னொரு டேக் கேளுங்க.

6 ஆகஸ்ட்

ரெண்டர் பாதியில கரண்டு போய் ஃபைலே திறக்கலைன்னு ராத்திரி போன். யூபிஎஸ் இல்லாம ஆடிக் காத்துல ரெண்டர் போடுற தைரியத்தை என்ன சொல்ல!

மூவி ஃபைலா எழுதாதீங்க. ஓப்பன்இஎக்ஸ்ஆர்ல ஃபிரேம் ஃபிரேமா எழுதுங்க, 16 பிட் ஹாஃப் ஃப்ளோட் போதும், ஜிப் கம்ப்ரஷன். கரண்டு போனா கடைசி ஃபிரேம் மட்டும் கெட்டிருக்கும். அதை அழிச்சுட்டு அங்கிருந்து தொடரலாம். கடைக்காரர் கரை நிறத்தை மட்டும் மாத்தச் சொன்னா மாறின ஃபிரேமை மட்டும் எழுதலாம். எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த வரிசையில இருந்து புரோரெஸ்ஸோ எச்.264ஓ எடுத்துக்கங்க, அது அஞ்சு நிமிஷ வேலை.

ஃபைல் பேர்ல ஃபிரேம் எண்ணுக்கு நாலு இலக்கம் விடுங்க, 1001ல இருந்து ஆரம்பிங்க. முன்னால நாலு ஃபிரேம் கூட வேணும்னா மைனஸ்ல போக வேண்டியதில்ல.